சலிக்காத மனிதர்

"மாமா, மெதுவா ஆட்டுங்க! என் கையே கழண்டுடும் போலிருக்கு!"

"பேசாதடா மச்சான். பதினோரு மணிக்கு மேயர் வந்துடுவார். இன்னும் ஒரு கட்டம் பாக்கி. ஆட்டு, ஆட்டு!"

கொத்தனாரும் அவர் மனைவியின் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் சல்லடையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்கரை கொள்ளாத கூட்டம். கயிறு கட்டிப் பிரித்த கட்டங்களில் முப்பது சல்லடைகள் ஒரே நேரத்தில் ஆடின. ஒரு கட்டம் முடிந்தால் ஒரு கைதட்டல், ஒரு விசில்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதே கடற்கரையில் கால் வைக்க இடம் கிடையாது. பாட்டில் மூடி, வலைத் துண்டு, ஒற்றைச் செருப்பு என்று குப்பை கொட்டிக் கிடந்தது. மாநகராட்சி துப்புரவுக்குக் கூப்பிட்ட முதல் நாள் வந்ததே பதினாலு பேர். அவர்களும் குனிந்து குனிந்து மேலாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான், கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் கொத்தனார்.

"மேலால பொறுக்கினா போதுமா? பொடிப் பிளாஸ்டிக் எல்லாம் மணலுக்குள்ளல்லவா கெடக்கு! சலிச்சாத்தான் போகும்!"

அட, இது நமக்குத் தோணலையே என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரம் அவர் மனைவியே, தான் வேலை செய்யும் தையல் கடையிலிருந்து பத்துப் பெண்களைச் சல்லடையோடு கூட்டி வந்தாள். அதற்கடுத்த வாரம் பாதி ஊர் வந்துவிட்டது.

பொடிப் பிளாஸ்டிக்காவது, மண்ணாங்கட்டியாவது! மனிதர் தேடியது மோதிரத்தை.

கல்யாணமான புதிதில் அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட மோதிரம். இருபது வருஷம் விரலை விட்டு இறங்காமல் இருந்தது, இந்த வருஷம் அவர் இளைத்ததில் தொளதொளவென்று ஆகிவிட்டது. "கழட்டிக் குடுங்க, உள்ள நூல் சுத்தித் தரேன்" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். இவர் கேட்டால்தானே? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேண்ட்டை மடித்துவிட்டு அலையில் நின்றார், மணலில் உட்கார்ந்து மச்சானோடு அரட்டை அடித்தார், வீட்டுக்கு வந்து பார்த்தால் விரல் மொட்டையாக இருந்தது.

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "சிமெண்ட் பட்டு வீணாகுதுன்னு வேலை நடக்கிற எடத்துல, பெட்டியில வச்சிருக்கேன்" என்று அளந்துவிட்டார். ஆறு வாரம் அந்தப் புளுகில் ஓடியது. நேற்றுதான் அவள் வெடி வைத்தாள்.

"நாளைக்கு மேயர் கையால மெடல் வாங்கப் போறீங்க. என் மோதிரம் இல்லாம மேடை ஏறினீங்கன்னா, அப்புறம் நான் உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன், ஆமா!"

"மாமா... அக்கா வருது!" மச்சான் கிசுகிசுத்தான்.

தலைக்கு மேலே வரிசையாகப் பச்சைக் கொடிகள் படபடத்தன. நேற்றுப் புது நூல்கண்டு வாங்கி அவளே தைத்த கொடிகள். கையில் மண்வெட்டியோடு அவள் விறுவிறுவென்று வந்தாள்.

"என்னங்க, எல்லாரும் முடிச்சாச்சு, நீங்க இன்னுமா? தள்ளுங்க, நான் அள்ளிப் போடுறேன். மேயர் வண்டி வந்தாச்சு!"

கடைசி மணலையும் மளமளவென்று அள்ளிச் சல்லடையில் கொட்டிவிட்டு, மேடைப் பக்கம் ஓடினாள். இருவரும் மூச்சைப் பிடித்து ஆட்டினார்கள். மணல் இறங்கியது. மேலே இரண்டு மூடி, ஒரு சிப்பி, அப்புறம் மினுக்கென்று...

"மாமாஆஆ!"

"கத்தாதடா, கழுதை! மானம் போயிடும்!"

சொன்னவர்தான் சல்லடையைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவசர அவசரமாக மோதிரத்தை மாட்டினார். விரலைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் சல்லடை ஆட்டியதில் விரல் வீங்கிவிட்டது போலிருக்கிறது. வீங்கட்டுமே, யார் கேட்டது!

மேடையில் மேயர் மெடலை மாட்டிவிட்டு, அவர் கையைத் தூக்கிப் பிடித்தார். "ஆறு வாரம் சலிக்காமல் உழைத்த மனிதர் இவர்!"

"ஐயா, சலிச்சுத்தாங்கய்யா உழைச்சாரு!" என்று கீழேயிருந்து மச்சான் கத்த, கடற்கரையே சிரித்துக் கைதட்டியது. கொத்தனார் மோதிர விரல் நன்றாகத் தெரியும்படி கையை ஆட்டினார்.

இறங்கி வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "பெட்டியிலேர்ந்து எடுத்துட்டீங்களா?"

"பின்னே? நீ சொல்லி நான் கேக்காம இருப்பேனா? காலையிலேயே எடுத்து மாட்டிட்டேன்."

"அப்படியா! இப்ப தொளதொளன்னு இல்லையே?"

"இல்லையே, நல்லா இறுக்கமா..."

மெல்ல மோதிரத்தைக் கழற்றித் திருப்பினார். உட்பக்கம், சாயம்கூட மங்காமல், நெருக்கமாகச் சுற்றியிருந்தது கொடிகளில் ஓடிய அதே பச்சை நூல்.

"மறுநாளே துவைக்கும்போது உங்க பேண்ட் மடிப்புல கெடச்சுதுங்க," என்றாள் அவள், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. "அன்னிக்கே குடுத்திருந்தா, இவ்வளவு பெரிய கடற்கரையை யாரு சலிச்சிருப்பா?"