எவர்சில்வர் நாட்கள்

டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் டம்ளரைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். மறுபடியும் டம்ளரைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

இந்த வீட்டில் எவர்சில்வருக்கு ஓர் அர்த்தம் உண்டு. மாதத்தில் மூன்று நாலு நாள் பீங்கான் கோப்பைகள் எல்லாம் மேல் அலமாரிக்கு ஏறிவிடும், எவர்சில்வர் கீழே இறங்கும். மனைவி காரணம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

பெண்கள் சமாச்சாரம். அந்த நாட்களில் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எதையாவது போட்டு உடைத்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம். அப்படித்தான் அவராகவே புரிந்துகொண்டிருந்தார். அவளுடைய கடுகடுப்பு தொற்றி இவரும் இரண்டு கத்து கத்திவிடுவது உண்டு. சகவாச தோஷம். மற்றபடி இத்தனை வருஷமும் பெருந்தன்மையாகத்தான் பொறுத்துப் போனார்.

ஆனால் அவளுக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. இனிமேல் மாதாமாதம் எந்தத் தொல்லையும் கிடையாது என்று டாக்டரம்மா இவரிடமே சொன்னார். அன்றைக்கு இவர் விட்ட பெருமூச்சு வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

அக்கா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போன வாரம்தான் திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து பீங்கான் கோப்பைதான்.

பிறகு இன்றைக்கு எதற்கு எவர்சில்வர்?

யோசிக்க யோசிக்க எரிச்சல் வந்தது. காலையிலிருந்தே எல்லாம் எரிச்சல்தான். சட்டைக் காலர் குத்தியது. குழாய் சொட்டியது. கடையில் ஆள் உயரக் கண்ணாடி வந்து இறங்கியும் கூட்டாளி இவரைத் தொடவிடவில்லை.

"நீங்க உக்காந்து பில்லப் போடுங்கண்ணே, இத நாங்க பாத்துக்கறோம்."

மாதத்தில் சில நாள் அவனுக்கும் இப்படி ஒரு கரிசனம் பொங்கும், ஏனென்று தெரியாது. அவன் கூட்டுச் சேர்ந்ததிலிருந்து இவர் கையில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. அதில் இவருக்கு ஏகப்பட்ட பெருமை.

மகள் செல்போனை அணைத்துவிட்டு வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் பேச வருவதாக இருந்தார்கள். பையன் அவளே பார்த்துக்கொண்டவன். அவனுடைய அப்பா அம்மாவை இந்த வீட்டு வாசல்வரை வரச் சம்மதிக்க வைப்பதற்குள் அவள் படாத பாடு பட்டுவிட்டாள்.

"அவங்கள அடுத்த வாரம் வரச் சொல்லிட்டேம்ப்பா."

அவருக்குத் தலை சுற்றியது. கூடி வந்த காரியத்தை யாராவது தள்ளிப் போடுவார்களா? அவர்கள் மனசு மாறிவிட்டால்? அம்மாவுக்கு மறுபடி உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். கேட்கும்போதே குரல் உச்சத்துக்குப் போய்விட்டது.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லப்பா. அடுத்த வாரம்னா சரியாயிடும்."

எது சரியாகிவிடும்? யாருக்கு? சொந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லையா?

அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையில் டம்ளர் இல்லை என்பதுதான்.

அது எதிர்ச்சுவரில் மோதி விழுந்து, உருண்டு, கதவோரம் போய் நின்றது. சுவரில் டீ வழிந்தது.

யாரும் அலறவில்லை. மகள் சுவரைத் துடைக்கப் போனாள். துணி முன்பே அவள் கையில் இருந்தது.

அவர் குனிந்து டம்ளரை எடுத்தார். விளிம்பில் புதிதாக ஒரு நெளிவு. அதை ஒட்டிப் பழைய நெளிவுகள். சமையலறைக்குப் போய் மிச்சம் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நெளியாதது என்று ஒன்றுகூட இல்லை.

மனைவி இதையெல்லாம் எப்போது எறிந்தாள் என்று யோசித்தார். எவ்வளவு யோசித்தும், அவள் எதையும் எறிந்து ஒருநாளும் பார்த்ததாக ஞாபகம் வரவில்லை.