இறாலம்மா விசிறிய விசிறல்

கோடை முற்றி ஓடை ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. தண்ணீரில் அசைவே இல்லை. இறாலம்மா மட்டும் வாலுக்கடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு, வயிற்றுக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கல்லில் இருந்த நத்தைக்குத் தாங்கவில்லை. “கொஞ்சம் நிறுத்து தாயி. நீ கிளப்புற சேறெல்லாம் என் ஓட்டுக்குள்ளதான் வருது.”

“நிறுத்தினா முட்டைக்கு மூச்சு முட்டிப்போகும் அண்ணே.”

“மூச்சு வேணும்னா என்னை மாதிரி மேலே போய் ஒரு வாய் காத்து குடிச்சிட்டு வர வேண்டியதுதானே?”

“உங்களுக்கு அது முடியும். எங்களுக்குத் தண்ணியில கலந்திருக்கிற காத்துதான். தண்ணி அசைஞ்சாத்தான் அதுவும் கிடைக்கும்.”

நத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுக்குள் சுருண்டது.

ஒருவழியாக மழை வந்தது. ஓடை ஓடத் தொடங்கியது. முட்டைகள் பொரிந்தன. சில நாள் அம்மாவின் கால்களைப் பற்றித் தொங்கிய குஞ்சுகள், ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு நீரோடு போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நத்தை எட்டிப் பார்த்தது. இறாலம்மா இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைங்கதான் போயாச்சே தாயி, இன்னும் யாருக்கு?”

இறாலம்மா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. நிறுத்திப் பார்த்தாள், முடியவில்லை.

நத்தை கல்லைவிட்டு இறங்கியது. சில்லென்று ஓடிய தண்ணீரில் ஊர்ந்து போய், அவள் வாலுக்கடியில் ஒண்டிக்கொண்டது.

“எனக்கு வீசு. ஒரே புழுக்கமா இருக்கு.”