பதிவு செய்யாத குரல்

நான்காவது முறையும் போன் மணி அடித்து ஓய்ந்தது. ஜீவராணி எடுக்கவில்லை.

"ரெக்கார்டையே போட்டுருவோம்ணே. எவனுக்குத் தெரியப்போவுது?" என்றான் மதுரன். பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு பேசினால் யாருக்கும் தைரியம் வந்துவிடும்.

கொட்டகலை மைதானத்திலிருந்து வட்டகொடைக் குழு அணிவகுத்து வெளியேறிக்கொண்டிருந்தது. அடுத்தது நாங்கள்.

பாண்ட் போட்டியில் பாட்டும் சேர்க்கலாம் என்று இந்த வருடம்தான் விதி வந்தது. ஒரே நிபந்தனை, பாட்டு அந்த நேரத்திலேயே பாடப்பட வேண்டும். பதிவு செய்த குரல் என்று தெரிந்தால் குழுவையே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் கழகத்தில் பாடத் தெரிந்தவள் ஒருத்திதான். என் மனைவி ஜீவராணி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இரண்டு வருடம் ஆகிறது.

கழகப் புத்தகத்தில் அவள் பெயரை யாரும் வெட்டவில்லை. பாடுபவர் கழகத்து ஆளாக இருக்க வேண்டும் என்றுதான் விதி. மைதானத்தில் நின்று பாட வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்தத் தாளை நான் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன்.

டிரம் சத்தம் அங்கே போய்ச் சேர ஒரு நொடி பிந்தும். அதனால் அவள் எங்களைக் கேட்கவே கூடாது. அவள் பாட்டுக்குப் பாடுவாள், நாங்கள் பன்னிரண்டு பேரும் அவள் பின்னால் போவோம். அவள் அனுப்பிய பதிவை வைத்து இரண்டு மாதம் பழகினோம்.

அவள் அனுப்புவது எல்லாமே பதிவுதான். போனில் நேரடியாகப் பேச வசதிப்படாது என்பாள். அந்த வீட்டு மேடம் தன்னைக் கூடப்பிறந்தவள் மாதிரி வைத்திருப்பதாக வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். சிரித்துக்கொண்டே பேசுவாள். அதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

இன்று மட்டும் போனை எடுக்க ஒப்புக்கொண்டாள். எங்கள் முறை பதினொரு மணிக்கு, அப்போது அங்கே எட்டரை. மேடம் பத்து மணிக்குத்தான் எழும்புவார்.

பிரதம விருந்தினர் பிந்தி வந்து, பேசத் தொடங்கி, பேச்சை முடிக்க மனமில்லாமல் நின்றதில் இப்போது மணி பன்னிரண்டு நாற்பது. அங்கே பத்து தாண்டிவிட்டது.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்குக்கு முன்னால் நான் நிறுத்திய போனை நடுவர் அம்மா உற்றுப் பார்த்தார். பாடுகிற ஆள் எங்கே என்று கேட்டார்.

"குவைத்ல இருக்காங்க மிஸ். இப்ப எடுத்துருவாங்க."

அவர் புள்ளித்தாளில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் நின்ற இடத்துக்கே தெரிகிற அளவுக்குப் பெரிது.

ஐந்தாவது முறை அடித்தேன். அந்தப் பதிவும் அதே போனில்தான் இருந்தது. ஒரு விரல் பட்டால் போதும். இன்னும் இரண்டு மணி அடித்திருந்தால் தட்டியிருப்பேன், அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

ஹலோ கூடச் சொல்லவில்லை, நேராகப் பாட்டுக்குள் போய்விட்டாள். கொழுந்து எடுத்த காலத்தில் அவளே கட்டிய பாட்டு. குரலை அடக்கித்தான் பாடினாள், ஆனாலும் ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது.

நான் கையை உயர்த்தினேன். டிரம்கள் அவள் குரலுக்கு அடியில் மெதுவாக வந்து சேர்ந்தன.

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சனம் கைதட்டியது. என் மாமியார் வீரம்மா பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் தன் மகள் தன் மகள் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. பதிவு போட்டதுபோல ஒரு பிசகு இல்லை. அதுவே வினையாகப் போயிற்று. நடுவர் அம்மா போனருகில் வந்து குனிந்து கேட்டார். பிறகு அடுத்த நடுவரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

மதுரன் என்னைப் பார்த்தான். நான் அவளைத்தான் வேண்டிக்கொண்டேன். ஒரு இருமல் போதும், ஒரு தும்மல் போதும், நீ இந்த நொடியில்தான் பாடுகிறாய் என்று இவருக்குக் காட்டு.

மூன்றாவது சரணத்தின் பாதியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

ஒரு பெண் கத்தினாள். அரபி எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தத் தொனி தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஏதோ விழுந்து உடைந்தது. கன்னத்தில் அறை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"சாரி மேடம்," என்றாள் ஜீவராணி. "சாரி மேடம். சாரி மேடம்."

பாடிய அதே மைக்கில், மைதானம் முழுக்க. பிறகு இணைப்பு அறுந்தது.

டிரம்கள் நிற்கவில்லை. என் கை தானாகத் தாளம் காட்டிக்கொண்டிருந்தது. குரல் இல்லாத மீதிப் பாட்டையும் வாசித்து முடித்தோம். கயிற்றுப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நடுவர் அம்மா கேள்விக்குறியை வெட்டினார். நேரடிக் குரலுக்கான கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மூன்று மணிக்கு எங்களுக்கு முதலிடம் என்று அறிவித்தார்கள். அந்த நேரம் போன் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ். வீரம்மா வந்து என் தோளை ஒட்டி நின்றார். நான் போட்டேன்.

"என்னங்க, நாம ஜெயிச்சோமா? இங்க பூனை ஒரு கோப்பையத் தள்ளி விட்டுருச்சு, அதான் சத்தம். மேடம் ஒன்னும் சொல்லல, சிரிச்சிட்டாங்க."

அவளும் சிரித்துக்கொண்டேதான் பேசியிருந்தாள். இரண்டு வருடமாக நான் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய அதே குரல்.