ஏழாம் குச்சி

“ஏழாம் நம்பர் உயிர் போயிடுச்சு மேடம். முந்தாநேத்து காலையில.”

கோவிந்தப்பா ஆய்வகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றார். மௌரீன் கையுறையைக் கழற்றினாள். மறுபடியும் சளி எடுத்துவரச் சொல்லத்தான் அவரைத் தொம்மலூரிலிருந்து வரவழைத்திருந்தாள்.

“மத்த ஆறும்?”

“தேறிடுச்சு. தீனி எடுக்குது. பாலும் கறக்குது.”

அவள் கணினித் திரையைப் பார்த்தாள். அந்த ஆறிலும் சுவாச வைரஸ் இருந்தது. வைரஸ் இல்லாத ஏழாவதுதான் பிழைக்கவில்லை.

சளி எடுத்த வாரம் கால்நடை மருத்துவருக்கு நாற்பது கொட்டகைகள். மூக்கில் விட்டுச் சளி எடுக்கும் குச்சிகளையும் குப்பிகளையும் மாட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கோவிந்தப்பாவிடமிருந்து ஐஸ் பெட்டியில் ஏழு குப்பிகள் வந்தன. ஒன்று முதல் ஏழு வரை அவரே எண் எழுதி ஒட்டியிருந்தார்.

“ரெண்டே நாள்ல கரெக்டா சொல்லிடுவாங்கன்னு டாக்டர் சொன்னாரு. இந்த சார் போன்ல, ஆறுல வைரஸ் இருக்கு, ஏழு மட்டும் சுத்தம்னாரு. அத்தனைக்கும் ஒரே இருமல்தான். இருந்தாலும் நம்பினேன். ஆறுக்கும் வைத்தியம் பாத்தேன். ஏழுக்கு ஒரு ஊசிகூடப் போடல.”

உதவியாளன் சஞ்சய் தலையைத் திருப்பிக்கொண்டான். அன்று அவன் அறிக்கையில் வைரஸ் கட்டத்தை மட்டும் பார்த்து முடிவைச் சொல்லியிருந்தான். அடுத்த கட்டத்தைப் பார்க்கவில்லை.

வைரஸைத் தேடும்போதே மாட்டின் மரபணுவையும் சேர்த்துத் தேடுவார்கள். அது தெரிந்தால்தான் குச்சி மூக்கைச் சரியாகத் தொட்டது என்று அர்த்தம். ஏழாவதில் அது தெரியவில்லை. மௌரீன் சோதனையை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். இரண்டு முறையும் திரையில் அதற்கான கோடு எழும்பவே இல்லை.

“குச்சிய உள்ள விட்டீங்களா, இல்ல சும்மனே செவுத்துல தேச்சு அனுப்பிட்டீங்களா?” என்றான் சஞ்சய்.

“நல்லா உள்ள விட்டேன் சார். கண்ணுல தண்ணி கொட்டுச்சு. தலையக் கெட்டியா புடிச்சுக்கிட்டேன்.”

“மாட்டு டிஎன்ஏ ஒரு துளி இல்லையே யஜமான்ரே.”

கோவிந்தப்பா மௌரீனைப் பார்த்தார்.

“ஊசி போட்டிருந்தா உயிர் நின்னிருக்குமா மேடம்? அது மட்டும் தெரிஞ்சா போதும். ரெண்டு நாளா கண்ண மூட முடியல.”

“என்ன நோய்னு தெரியாம நான் எதையும் சொல்ல முடியாது. உடம்ப என்ன பண்ணீங்க? கார்ப்பரேஷன் வண்டில ஏத்திட்டீங்களா?”

“பொதச்சுட்டோம்.”

“தொம்மலூர்ல, அத்தன வீடுங்களுக்கு நடுவுல, மாட்டப் பொதைக்க எடம் ஏது?” சஞ்சய் எழுந்து வந்தான். “கறிக்கு வித்துட்டீங்களா? நெஜத்தச் சொல்லுங்க.”

கோவிந்தப்பாவின் தாடை இறுகியது.

“பொதச்சோம் சார்.”

மௌரீன் சஞ்சயைக் கையமர்த்தினாள். இது வேறு வைரஸாக இருந்தால் பக்கத்துக் கொட்டகைகளிலும் மாடுகள் விழும். நேரமில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து பிரேதப் பரிசோதனைப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

“ரெண்டு நாள்தானே ஆச்சு, தோண்டிடலாம். நுரையீரல்ல வெரல் அளவு துண்டு கெடச்சா போதும், எதனால போச்சுன்னு சொல்லிடுவேன். சஞ்சய் கத்தியோட வருவான். நீங்க எடத்த மட்டும் காட்டுங்க.”

அவர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார்.

மௌரீன் எழுதத் தொடங்கியிருந்தாள். பெயர், முகவரி, இறந்த தேதி. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“ஏழாம் நம்பருக்கு என்ன வயசு?”

“முப்பத்தெட்டு. என் பொஞ்சாதி மேடம்.”