நல்ல ஊசி

பல் எடுத்த இடத்தில் போட்ட தையலை டாக்டர் பிரித்துவிட்டார். புண் அழகாக ஆறியிருந்தது.

ஆனால் கீழுதட்டின் வலப்பக்கம் ஒரு கொப்புளம்.

“இது என்னம்மா?”

“டீ சுட்டிருக்கும் டாக்டர். எனக்குத் தெரியவே இல்ல. தங்கச்சிதான் பாத்துச் சொன்னா.”

செண்பகவல்லி சிரித்தாள். உதட்டோரம் காலையில் தின்ற இட்லித் துணுக்கு ஒட்டியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

“நல்ல ஊசியாப் போட்டீங்க. ஒரு வாரமாச்சு, உதடு இன்னும் மரத்துத்தான் கெடக்கு. வலின்னு ஒண்ணுமே இல்ல.”

ஊசியின் வேலை பல் எடுத்த அன்று சாயங்காலத்தோடு தீர்ந்துவிட்டது.

அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம், கைராசியான டாக்டர் என்று. தங்கை கோமதிக்கும் கடைவாயில் அதே ஞானப்பல் வலிக்கிறதாம். ஊசி போடும்முன் வயிறு காலியாக இருக்கக் கூடாதே என்று சாப்பிட வைத்து, கையோடு அழைத்து வந்திருக்கிறாள். கோமதி வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

கைராசி.

யார் அப்படிச் சொன்னாலும் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையசைப்பார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் மறக்காமல் சொல்வார்.

இன்று அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன வாரம் பல் எடுக்கும்முன், எல்லோரிடமும் சொல்வதை இவளிடமும் சொன்னார். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவேன்.

பல் படுத்துக் கிடந்தது. அதன் வேர், உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை ஒட்டிக் கிடந்ததை எக்ஸ்ரேயில் பார்த்திருந்தார். துண்டு துண்டாக வெட்டி நிதானமாக எடுத்திருக்க வேண்டும்.

நெம்பினார்.

அவள் கை எழுந்தது. வளையல் சத்தம்கூடக் கேட்டது.

“அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது” என்றார். நிறுத்தவில்லை.

வெளியே கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அது பிறகு தேடிக்கொண்ட காரணம்.

கை இறங்கியது. வலி நின்று இறங்கவில்லை. டாக்டர் சொல்லிவிட்டாரே என்று இறங்கியது. அதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

சில பேருக்கு இப்படி இருக்கும், தானாகச் சரியாகிவிடும். இப்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். சரியாகிவிடவும் கூடும். தப்பித்துக்கொள்ள அது ரொம்ப வசதியாக இருந்தது.

“கண்ண மூடிக்கோங்கம்மா. உதட்டுல தொடுவேன். தெரிஞ்சா கையத் தூக்குங்க.”

சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூர்முனைக் கருவியால் இடப்பக்கம் தொட்டார். வளையல் குலுங்கியது.

வலப்பக்கம் தொட்டார்.

கொஞ்சம் தள்ளி, உதட்டின் ஓரத்தில். பிறகு மோவாயில்.

கை மடியிலேயே கிடந்தது.

தூக்கும்மா, என்று மனதுக்குள் கெஞ்சினார். ஒரே ஒரு தடவை தூக்கு.

மறுபடி உதட்டுக்கு வந்தார். லேசாகக் குத்தினார். பிறகு சற்று அழுத்தி.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் அதே நம்பிக்கை.

“அவ்வளவுதானா டாக்டர்? முடிஞ்சுதா?”

முனை இன்னும் அவள் உதட்டில்தான் இருந்தது.

அதை எடுத்துத் தட்டில் வைத்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். அவள் அவருடைய முழு முகத்தை இதுவரை பார்த்ததில்லை.

“முடியலம்மா” என்றார். “கண்ணத் திறங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தங்கச்சியும் கேக்கட்டும், உள்ள கூப்பிடுங்க.”

கூப்பிடுங்க என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது போலிருந்தது. உற்சாகமாக எழுந்து கதவைத் திறந்தாள்.

“வா கோமதி. பயப்படாத, வலிக்கவே வலிக்காது.”