மாதம் தவறாத கடிதம்

பட்ஜெட்டில் எங்கே துண்டு விழுகிறது, தொகுதியில் என்ன நடக்கிறது என்று எம்.எல்.ஏ. மாதாமாதம் வீட்டுக்கு வீடு அனுப்பிய கடிதம், சிக்கனம் கருதி நிறுத்தப்பட்டு மூன்று மாதமாகிவிட்டது. ஏனென்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"கடிதம் ஏன் வரலைன்னு கேட்டு ஒருத்தர் வந்திருக்காருங்கய்யா," என்றார் உதவியாளர்.

"வரச் சொல்லுய்யா, நிக்க வைக்காதே!"

வந்தவர் உட்காரக்கூட இல்லை. "நாலு வருஷமா மாசம் தவறாம வந்துச்சு. திடீர்னு நின்னதும் கையொடிஞ்ச மாதிரி ஆயிடுச்சுங்க."

"பார்த்தியாய்யா!" உதவியாளரிடம் சொன்ன எம்.எல்.ஏ.வுக்கு வாயெல்லாம் பல். "அடுத்த மாசமே அனுப்பிடறோம். அதுல எதை விரும்பிப் படிப்பீங்க? பட்ஜெட்டா, தொகுதிச் செய்தியா?"

"படிக்கிறதா?" வந்தவர் தலையைச் சொறிந்தார். "ஊர்ல அத்தனை பேரும் உறையைக்கூடப் பிரிக்காம கொண்டுவந்து எடைக்குப் போடுவாங்க. முக்குல இருக்கிற பழைய பேப்பர் கடை நம்மளதுங்கய்யா."