மூன்று ராத்திரி இலவசம்

வெயில் ஏறத் தொடங்கியதும் குளத்து வாத்துகள் மலை தாண்டிச் சொந்த நாட்டுக்குக் கிளம்பின. ஒரு ஜோடி மட்டும் கிளம்பவில்லை. ஆண் வாத்திடம் காகம் ஒரு புரச இலையைக் கொடுத்திருந்தது.

“இது பயண கார்டு அண்ணாச்சி. ஒரு நத்தை குடுத்து என் வயல்ல ஒரு வேளை மேஞ்சா, இலையில ஒரு துளை போடுவேன். முப்பது துளை விழுந்தா, மலைக்கு அந்தப் பக்கம் எங்க மச்சான் ஏரியில மூணு ராத்திரி தங்கல் இலவசம்.”

அன்றிலிருந்து ஆண் வாத்து விடிந்தால் வயலில்தான் நின்றது.

“பசியே இல்லாம எதுக்குங்க மேயறீங்க?” என்றது பெண் வாத்து. “நான் அங்க போய் முட்டையிடணும். நாள் நெருங்குது.”

“பசிக்கா மேயறேன்? தங்குற செலவை மிச்சம் பிடிக்கிறேன். பொறு.”

முப்பதாவது துளை விழுந்த காலையில் நல்ல தெற்குக் காற்று வந்தது. பெண் வாத்து எழும்பியது. ஆண் வாத்து சிறகடித்துக்கொண்டு குளம் முழுக்க ஓடியது. வயிறு தண்ணீரை விட்டு எழவில்லை.

பெண் வாத்து தலைக்கு மேல் ஒரு சுற்று வந்தது. “அந்த இலையையாவது என்கிட்ட குடுங்க.”

“அது அண்ணாச்சி பேர்ல உள்ளது மதினி, மாத்த முடியாது,” என்றது காகம்.

“அப்ப இளைச்சதும் வாங்க,” என்று சொல்லிவிட்டுப் பெண் வாத்து வடக்கே பறந்தது.

அது கண்ணுக்கு மறைந்ததும் காகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “நீந்தி இளைக்கிறதுக்கும் எங்கிட்ட ஒரு கார்டு இருக்கு அண்ணாச்சி.”

ஆண் வாத்து கொஞ்சம் யோசித்தது.

“முதல் துளை இலவசமா?” என்று கேட்டது.